கலங்காத புதுவெள்ளம்

தூண்டில்காரன் சென்னிமலைக்கு இரண்டு கண்ணும் போன பிறகும் காற்றையும் மேகத்தையும் பற்றி அவன் யாரையும் கேட்டதில்லை. கன்னத்தைத் திருப்பினால் காற்றின் திசை தெரிந்துவிடும். விரலை மடக்கினால் பிறைக் கணக்கு வந்துவிடும். உடம்பு கசகசப்பதை வைத்து மழைக்கு எத்தனை நாழிகை என்று சொல்லிவிடுவான். ஆற்றுத் தண்ணீரின் நிறம் ஒன்றுக்குத்தான் அவனுக்குப் பெண்டாட்டி குப்பாயியின் கண் வேண்டியிருந்தது.

அந்த ஒன்றில்தான் அவள் பொய் சொன்னாள்.

பூலாம்பட்டிக்குக் கீழே காவிரியில் பாறைத்துறை என்று ஒரு சின்னத் துறை. அந்தத் துறையில் சென்னிமலையைப் போல வாளை மீன் பிடித்தவன் கிடையாது. வலைக்காரர்கள் வருஷம் பூராவும் ஆற்றிலேயே கிடந்தார்கள். இவன் பாதி நாள் கரையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருப்பான்.

"ஏனுங்கண்ணா, இன்னிக்கு ஆத்துல எறங்கலீங்களா?" என்று பரிசல்காரன் வேலுமணி கேட்பான்.

"மீனுக்கு இன்னிக்குப் பசியில்லைடா. நான் போயி ஊட்டியா உடறது?"

கீழ்காற்று அடித்தால் அவன் தூண்டில் முள்ளை நனைக்க மாட்டான். பௌர்ணமியை ஒட்டிய ஐந்து நாளும் அப்படித்தான். மேல்காற்று விழுந்து, வானம் மூடி, விடியற்காலையிலேயே புழுக்கம் எடுக்கிற நாள் பார்த்துத்தான் பரிசலில் ஏறுவான்.

ஆனால் அதெல்லாம் சில்லறை நாட்கள். அவன் வருஷமெல்லாம் காத்திருந்தது ஆடிப் புதுவெள்ளத்துக்கு. மேற்கே மலையில் மழை விழுந்து ஆறு செக்கச்செவேல் என்று வரும். முதல் இரண்டு நாள் தண்ணீர் குழம்பாக இருக்கும். மீன் மிரண்டு கிடக்கும். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சிவப்பு தணியும். முழங்கை வரைக்கும் கையைத் தண்ணீரில் விட்டுப் பார்த்தால் விரல் நகம் மங்கலாகத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் அதிலிருந்து எட்டு நாள் அவனுடையது. வாளைகள் முட்டை வயிற்றோடு எதிரேறி வந்து கரையோரத்தில் கண்டதையெல்லாம் விழுங்கும். அந்தக் கலங்கலில் கயிறும் முள்ளும் அவற்றின் கண்ணுக்குப் படாது. ஒன்பதாம் நாள் பார்த்தால் தண்ணீர் தெளிந்திருக்கும், மீனும் மேலே போயிருக்கும்.

அம்மை வார்த்துக் கண் போன வருஷமும் அவன் ஆடியை விடவில்லை.

"தூண்டில் புடிக்கறதுக்குக் கண்ணு எதுக்கு புள்ள? கயிறு சொல்லும். நீ நகத்தை மட்டும் பாத்துச் சொல்லு."

குப்பாயி பார்த்துச் சொன்னாள். வேலுமணி பரிசலைத் தள்ளினான். ஆள் உயரத்துக்கு ஒரு வாளை மாட்டியது. கயிற்றை விடாமல் பிடித்த சென்னிமலையை அது பரிசலோடு சாய்த்துத் தண்ணீரில் தள்ளிவிட்டது. அவன் நல்ல நீச்சல்காரன்தான். ஆனால் கரை எந்தப் பக்கம்? குப்பாயி பாறையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். வெள்ள இரைச்சலில் அவள் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. கையை வீசி, காலை உதைத்து, பலம் கொண்ட மட்டும் நடு ஆற்றைப் பார்த்து நீந்தினான். பாதி மைல் கீழே வேலுமணி அவன் குடுமியைப் பிடித்துத் தூக்கினான். அன்று குடித்த தண்ணீரோ என்னவோ, அதிலிருந்து ஒரு இருமல் அவனோடு ஒட்டிக்கொண்டது.

மறு வருஷம் குப்பாயி தண்டாயுதபாணிக் கவுண்டர் கடலைக்காட்டுக்குக் காவல் வேலை கேட்டு வாங்கினாள். ஆற்றிலிருந்து ஒரு மைல். காவல் குடிசைக்கே குடிபோனார்கள்; ஆற்றின் இரைச்சல் அங்கே கேட்காது. அவள் அந்த வேலையைக் கேட்டதே அதற்காகத்தான்.

ஆடி பிறந்து வெள்ளம் வந்தது. சென்னிமலை தினமும் விடிந்ததும் அவளை ஆற்றுக்கு அனுப்பினான். நாலாம் நாள் தண்ணீருக்குள் அவள் நகம் ஐந்தும் மங்கலாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வீட்டுக்கு வந்து, "இன்னும் கொழம்பாட்டத்தான் இருக்குதுங்க. நகம் தெரியலை" என்றாள்.

எட்டு நாளும் அதையே சொன்னாள். ஒன்பதாம் நாள், "ஏனுங்க, ஒரே ராத்திரியில தெளிஞ்சு போச்சுங்க!" என்று அங்கலாய்த்தாள்.

"கெட்ட வருஷம்" என்று சொல்லிவிட்டு அவன் தூண்டில் கயிற்றைச் சுருட்டி வைத்தான்.

அதற்கு அடுத்த ஆடியும் கெட்ட வருஷமாகவே போயிற்று. வேலுமணிக்கு உண்மை தெரியும். அவனும் வாயைத் திறக்கவில்லை.

திறந்தது மொய்தீன் ராவுத்தர். எடப்பாடிச் சந்தையில் மீன் வியாபாரம் செய்பவர். முள்ளும் நூலும் கொண்டுவந்து கொடுப்பவரும் அவரே. தை மாதம் அந்தப் பக்கம் வந்தவர் பழைய சிநேகிதனைப் பார்க்கக் குடிசைக்குள் நுழைந்தார்.

"போன ஆடியாட்டம் ஒரு ஆடி இனிமே வருமா அண்ணே! நாலாம் நாளே தண்ணி பதமாயிருச்சு. எட்டு நாளும் வாளைதான். கூடை பத்தாம கோணிப்பையில கட்டித் தூக்கினேன். உங்களைத்தான் நெனச்சுக்கிட்டேன், சென்னிமலை அண்ணன் இல்லாமப் போனாரேன்னு."

வாசலில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்த குப்பாயியின் கை நின்றுபோயிற்று.

 ராவுத்தர் போன பிறகு சென்னிமலை கேட்டான்.

"ரெண்டு வருஷமுமா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"நடு ஆத்தைப் பாத்து நீந்துனது நீங்க. நின்னு பாத்தது நானுங்களே."

அவன் வெகு நேரம் இருமினான். "கண்ணு போச்சுன்னு நான் ஒரு நாளும் அழுததில்லை புள்ள. ஊட்டுல இன்னும் ரெண்டு கண்ணு இருக்குதுன்னு தெம்பா இருந்தேன். இப்பத்தான் எனக்கு நெசமாவே கண்ணு போச்சு" என்றான்.

மறுநாள் அவளை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். அம்மன் முன்னால் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்து, இனிமேல் ஆற்று விஷயத்தில் பொய் சொல்வதில்லை என்று அவள் உள்ளங்கையால் அதை அணைத்துச் சத்தியம் செய்தாள். கை கொப்பளித்துவிட்டது. அந்த வாடை மூக்குக்கு வந்த பிறகுதான் அவன், "போதும், வா" என்றான்.

சித்திரையில் இருமலோடு ரத்தம் வந்தது. குடிசைக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியதாயிற்று.

"எனக்கு இந்த ஆடிதான்" என்று அவன் ஒரு நாள் சொன்னான். "ஒருக்கா ஆத்துக்குப் போறதுக்குத் தெம்பு ஒடம்புல மிச்சம் இருக்குது. ஒரே ஒருக்கா. அதைச் செலவு பண்ணாம வெச்சிருக்கறேன். நல்ல நாளாப் பாத்துச் சொல்லு."

குப்பாயிக்கு இப்போது ஆற்றைப் பற்றிய பயம் போய்விட்டது. தண்ணீர் கொண்டுபோகாவிட்டாலும் இருமல் கொண்டுபோகும் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. அவனுக்கு அந்த ஒரு நாளைக் கொடுத்துவிட வேண்டும். வேறு நினைப்பே அவளுக்கு இல்லை. கயிற்றை அவளே முறுக்கினாள். முள்ளைச் சாணைக் கல்லில் அவளே தீட்டினாள். அவன் தொட்டுப் பார்த்து, "இன்னும் ரெண்டு தேய்ப்பு" என்பான்.

அந்த வருஷம் ஒரு புதுமை இருந்தது. போன ஆவணியில்தான் மேலே மேட்டூரில் அணையைத் திறந்திருந்தார்கள். அணை வந்த பிறகு வரப்போகிற முதல் புதுவெள்ளம் இதுதான். அது எப்படி இருக்கும் என்று துறையில் யாருக்கும் தெரியாது.

ஆனி பிறந்து நாலு நாள். ஆடிக்கு இன்னும் கிட்டத்தட்ட ஒரு மாசம் இருக்கும்போதே ஆறு வந்துவிட்டது.

விறகுக்குப் போன குப்பாயி பாறைத்துறையில் நின்று வாயைப் பிளந்தாள். கோடையில் பாறையின் அடியில் கிடந்த தண்ணீர் துறைப் படிகளில் நாலு படி ஏறி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. கிணற்றுத் தண்ணீர் மாதிரிப் பச்சையாக, தெளிவாக வந்தது. முழங்கை வரை கையை விட்டாள். நகம் தெரிந்தது; நகத்தில் இருந்த அழுக்கும் தெரிந்தது. எதிரே வேலுமணி பரிசலில் நின்று கூவினான்.

"அக்கா! வாளை ஏறுதுக்கா! பகல்ல முள்ளைப் பாத்து ஓடுது. பொழுது கெளம்பறதுக்கு முன்னாடி போட்டா மாட்டுது. அண்ணனைக் கூட்டிக்கிட்டு வா!"

அவள் விறகைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"ஏனுங்க! புதுத்தண்ணி வந்துருச்சுங்க! வாளை ஏறுதுங்க!"

சென்னிமலை எழுந்து உட்கார்ந்தான். முகம் மலர்ந்தது. அடுத்த நொடி சுருங்கியது.

"இன்னிக்கு ஆனி நாலு."

"ஆமாங்க. அணையில கதவைத் தொறந்து உட்டுட்டாங்களாம்."

"யாரோ கதவைத் தொறந்தா ஆறு வருமா? சரி, இருக்கட்டும். என்ன நெறம்?"

 குப்பாயி உள்ளங்கைத் தழும்பை மூடிக்கொண்டாள்.

"தெளிவா இருக்குதுங்க. செவப்பே இல்லை."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவன் அவளை அடித்திருக்கலாம்.

"அணை தண்ணியைத் தடுக்கும், நெறத்தையுமா தடுக்கும்? புதுத்தண்ணி தெளிவா வந்ததை எந்தக் காலத்துல கண்டிருக்கறே? எனக்குப் புரியுது புள்ள. கோடைத் தண்ணியில என்னையக் கொண்டுபோயி ஒக்கார வெச்சு, இதுதான் புதுத்தண்ணின்னு சொல்லி ஆசையைத் தீத்துரலாம்னு பாக்கறே. மொழங்கால் தண்ணி. நானும் உழுந்து சாவ மாட்டேன்; நெறத்தை நெசமாச் சொல்லிட்டே, உன்ற சத்தியமும் கெடாது. கொழந்தைக்குப் பொம்மை குடுக்கறாப்புல."

"மாரியாத்தா மேல ஆணையா நெசமுங்க!"

"மாரியாத்தாளை இழுக்காதே. ரெண்டு வருஷம் தண்ணி பதமா வந்தப்போ கொழம்புன்னு சொன்னே. இப்ப வராத தண்ணியை வந்துருச்சுங்கறே. எனக்கு இருக்கறது ஒரே நடை. அதைக் கோடைத் தண்ணிக்குச் செலவு பண்ண மாட்டேன். ஆடியில செவந்து வரும், அப்பச் சொல்லு."

அவள் வேலுமணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் குடிசை வாசலில் நின்று ஆறு வந்த கதையை ஒன்று விடாமல் சொன்னான்.

"நீ எந்த வேலுமணி?" என்று சென்னிமலை கேட்டான். "ரெண்டு ஆடி இவகூடச் சேந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டிருந்தவன்தானே? உன்னைய அக்காதானே புடிச்சுக்கிட்டு வந்தா? போடா, போயி உன்ற தெளிஞ்ச தண்ணியில குளி."

வேலுமணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான்.

சென்னிமலை நம்பக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவர்தான் மிச்சம். குப்பாயி எடப்பாடிக்கு நடந்தாள். ராவுத்தர் கடை பூட்டியிருந்தது. மகள் ஷஹர்பானுவின் நிக்காஹுக்காகக் குடும்பத்தோடு சேலம் போயிருக்கிறார், வர ஒரு வாரத்துக்கு மேலாகும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அவள் தண்ணீர் கூடக் குடிக்காமல் திரும்பி நடந்தாள்.

நாட்கள் போயின. தினமும் விடியும் முன்பே அவள் துறைக்குப் போய்ப் பாறையில் நிற்பாள். வாளையின் வெள்ளை வயிறு புரளும்போது தண்ணீருக்குள் மின்னும். ஒவ்வொன்றும் தன் புருஷனைத் தாண்டிக்கொண்டு போவதுபோல் அவளுக்குத் தோன்றும். வீட்டில் அவன் கண்டங்கத்திரிக் கஷாயத்தைக் குடித்துவிட்டு, ஆடிக்கு இன்னும் இருபத்தைந்து நாள், இருபத்திநாலு நாள் என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தான். நாளுக்கு நாள் அந்த விரல்கள் மெலிந்தன.

ஏழாம் நாள் அவளுக்கு அந்த யோசனை வந்தது.

குடத்தில் ஆற்றுத் தண்ணீரை மொண்டுகொண்டு வந்தாள். கடலைக்காட்டு ஓரத்தில் உட்கார்ந்து, செம்மண்ணை அள்ளி, சேலைத் தலைப்பில் சலித்து, பிடிபிடியாகக் கரைத்தாள். கரைத்துக் கையை விட்டுப் பார்த்தாள். நகம் நன்றாகத் தெரிந்தது. இன்னும் ஒரு பிடி. இப்போது மங்கலாகத் தெரிந்தது. சரியான பதம். கற்பூரம் அணைத்த அதே கைதான். "ஆத்தா, தண்டனை இருந்தா எனக்குக் குடு. அவருக்கு நாளைக்கு ஒரு நாளை மட்டும் குடுத்துரு" என்று முணுமுணுத்துக்கொண்டே குடத்தை இடுப்பில் எடுத்தாள்.

"ஏனுங்க, செவந்துருச்சுங்க. நீங்களே தொட்டுப் பாருங்க."

சென்னிமலை குடத்துக்குள் கையை விட்டான்.  கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் தேய்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். பிறகு நாக்கில் வைத்தான்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னான். குரலில் கோபமே இல்லை.

"ஆத்து வண்டல் வெண்ணெயாட்ட வழுக்கும் புள்ள. இது நறநறங்குது. இது கவுண்டர் கடலைக்காட்டு மண்ணு."

அவள் அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வந்த தண்ணீர் நிஜம், மண் மட்டும்தான் பொய், நம்ப மாட்டேன் என்கிறீர்களே என்றுதான் கரைத்தேன் என்று அழுகைக்கு நடுவில் சொன்னாள். உண்மையும் பொய்யும் அப்படிக் கலந்து கிடந்ததில், பிரித்துக் கேட்க அவனால் முடியவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதன் பிறகு அவன் அவளிடம் தண்ணீர் கேட்பதற்கும் வாய் திறக்கவில்லை. சொம்பைத் தட்டிக் காட்டுவான்.

பதிமூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் மொய்தீன் ராவுத்தர் வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊர் திரும்பியதும் பக்கத்துக் கடைக்காரர் சேதி சொல்லியிருக்கிறார். கையில் நிக்காஹ் வீட்டு இனிப்புப் பொட்டலம்.

"என்னண்ணே இது, பாதி ஆளாயிட்டீங்க!"

"என்ற ஒடம்பு கெடக்குது. ராவுத்தரே, ஒண்ணு கேக்கறேன். ஆத்துல தண்ணி வந்துச்சா?"

"வந்துச்சாவா? ரெண்டு வாரமா ஓடுது!"

"செவந்தா?"

"எங்கே செவக்கும்? மண்ணெல்லாம் அணைக்குள்ளேயே தங்கிருதுண்ணே. வடிகட்டின தண்ணிதான் வெளிய வருது. சேலத்துல எஞ்சினீர் ஆபீஸ் ஆளு ஒருத்தர் கூட சொன்னாரு, இனிமே இந்தப் பக்கம் செந்தண்ணியே பாக்க முடியாதாம். இதோ, வர்ற வழியில நானும் பாத்துட்டுத்தான் வாரேன். காசைப் போட்டா தலையா பூவான்னு தெரியும்."

சென்னிமலை முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினான்.

"அப்ப இவ சொன்னது?"

"தங்கச்சி என்ன சொல்லுச்சோ எனக்குத் தெரியாது. தண்ணி தெளிவா வந்துச்சுன்னு சொல்லியிருந்தா அது சத்தியம்."

சென்னிமலை கையை நீட்டித் தடவினான். குப்பாயி கதவோரம் நின்றிருந்தாள். அவன் கை காற்றில் அலைவதைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உள்ளங்கைத் தழும்பை அவன் விரல் கண்டுபிடித்தது.

"ஓடி ஓடி வந்து சொன்னியே புள்ள" என்றான். 

ராவுத்தர் எழுந்தார். "வண்டி நிக்குது. ஏறுங்கண்ணே, இப்பவே போலாம்."

பாறைத்துறையில் வேலுமணியும் ராவுத்தரும் இரு பக்கமும் தாங்கி இறக்கினார்கள். சென்னிமலை காலால் பாறைப் படிகளைத் தடவி எண்ணினான். கோடைத் தண்ணீர் கிடக்கும் அடிப் படிக்கு இன்னும் நாலு படி இருக்கையிலேயே தண்ணீர் பாதத்தைத் தொட்டது. குனிந்து அள்ளி விரலில் தேய்த்தான். ஒன்றும் ஒட்டவில்லை. வெறும் குளிர்ச்சி.

"தூண்டிலைக் குடு."

பொழுது சாயும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். மேல்காற்று விழுந்து, வானம் மூடி, புழுக்கமாக இருந்தது. பழைய கணக்குப்படி அதைவிட நல்ல வேளை கிடையாது. கயிறு ஒரு தடவை மெல்ல அசைந்தது. இழுத்தால் விரல் நீளக் கெண்டைக் குஞ்சு. மறுபடி போட்டான். பிறகு அசையவே இல்லை.

"மீனு எப்ப நின்னுச்சு வேலுமணி?"

வேலுமணி குப்பாயியைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "நாலு நாளாச்சுங்கண்ணா. ஒண்ணு ரெண்டு கூட இல்லை. எல்லாம் மேல போயிருச்சு."

 திடீரென்று சென்னிமலை தலையை நிமிர்த்தினான்.

"மேல எங்கடா போகும்? மேல அணையில்ல இருக்குது! சுவத்துல ஏற முடியுமா? முட்டிக்கிட்டு அடியில நிக்கும். வேலுமணி, அத்தனை வாளையும் அங்கதான்டா நிக்கும்!" குரலில் பழைய உறுதி வந்துவிட்டது. "தெளிஞ்ச தண்ணி. அதனால விடியக்காலத்துல போடோணும், இல்லாட்டிப் பொழுது உழுகறப்ப. நாளைக்குக் காலையில கெளம்புனா சாயங்காலத்துக்கு அங்க முள்ளைப் போட்டுரலாம். பிறையும் சரியா இருக்குது. ராவுத்தரே, வண்டி?"

"வண்டி உங்களுதுண்ணே. நான் எப்படியாச்சும் ஊரு போய்ச் சேந்துக்கறேன். வேலுமணி ஓட்டட்டும்."

திரும்பி வரும்போது வண்டியில் அவன் ஓயாமல் பேசினான். மண்புழு எந்த வாய்க்காலில் தோண்ட வேண்டும், கயிற்றில் எத்தனை முள் கட்ட வேண்டும், முதல் மீனை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். நடுவில் குப்பாயியைச் சீண்டினான். "அணைக்கிட்ட மண்ணுக் கரைக்க இப்பவே ஒரு கொடத்தை எடுத்து வெச்சுக்கோ புள்ள!" அவள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

ஆனால் உடம்பில் ஒரே ஒரு நடைக்குத்தான் தெம்பு இருந்தது. அவன் சொன்ன கணக்கு அதிலும் தப்பவில்லை.

விடிந்தபோது பாய் முழுக்க ரத்தம். உடம்பு அனலாகக் கொதித்தது. வேலுமணி தூண்டிலையும் புழுச் சட்டியையும் ஏற்றி, மாட்டைப் பூட்டி வாசலில் நிறுத்தியபோது, குப்பாயி வெளியே வந்து தலையை மட்டும் ஆட்டினாள். அவன் சட்டியை இறக்கி வைத்தான். இருவரும் சேர்ந்து சென்னிமலையை அப்படியே பாயோடு தூக்கி வண்டிக்குள் கிடத்தினார்கள்.

தடத்தில் ஏறியதும் வண்டி கிழக்கே திரும்பியது. அணை வடக்கே; எடப்பாடி கிழக்கே. பக்கமெல்லாம் மூடிய கூண்டு வண்டி; முன்வாயை வேலுமணியின் முதுகு அடைத்தது. வெயில் உள்ளே வராது, காற்றும் வராது. எந்தத் திசையில் போகிறோம் என்று அவனுக்கு எதுவும் சொல்லாது.

கொஞ்ச தூரம் போன பிறகு அவன் உதடு அசைந்தது.

"அணைக்குத்தானே போறோம்?"

வேலுமணி திரும்பிப் பார்த்தான். ஆமாம் என்று சொல்லிவிடேன் அக்கா என்று அவன் கண் கெஞ்சியது. சொல்வதற்கு ஒரு வார்த்தை போதும். சென்னிமலை சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருப்பான்.

குப்பாயி அவன் தலையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"இல்லீங்க. எடப்பாடிக்குப் போறமுங்க. டாக்டருகிட்ட. ரொம்ப ரத்தம் போயிருச்சுங்க."

சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது. அவன் முகத்தில் என்ன வருகிறது என்று அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தேகம் வரவில்லை. அவன் மறுபடி கேட்கவும் இல்லை.

"அப்பச் சரி" என்றான். மூச்சு வாங்கியது. "அணைக்குன்னாத்தான் அவசரம். டாக்டரு எங்கியும் நீந்திப் போயிர மாட்டாரு. மெதுவா ஓட்டச் சொல்லு. குலுக்குது."

"வேலுமணி, மெதுவா" என்றாள் குப்பாயி.

வேலுமணி மூக்கணாங்கயிற்றை இழுத்துப் பிடித்தான். மாடுகள் நடையைத் தளர்த்தின. எடப்பாடி ஏரிக்கரை ஏற்றத்தில் சென்னிமலையின் கை அவள் மடியிலிருந்து சரிந்தது. அவள் அதை எடுத்துத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டாள். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. கடைத்தெரு வந்து, ஆட்கள் நின்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வேலுமணி திரும்பிப் பார்த்தான்; பார்த்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான்.